ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள்

என் வீட்டுக்காரருக்கு நீரிழிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று முதலில் சிரித்தவர் அவர்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, முதலாளிமாருக்கு வருகிற வியாதி நமக்கு வந்திருக்கிறது என்றார். நானும் சிரித்தேன். எங்களுக்குத் தெரிந்து காரைக்காலில் அந்த வியாதி இருந்தவர்கள் எல்லாம் சைகோனில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்து மாடிவீடு கட்டியவர்கள். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தின்றே வந்தது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நெய் வாசம் வருவது பெருநாளைக்கு மட்டும்தான்.

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது, மூன்று பெண்பிள்ளைகள். அவர் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் எடை போடுகிறவர். பதினோரு வருஷமாக அதே கடை, அதே தராசு. கடைச் சாவி அவரிடம்தான் இருக்கும். காலையில் திறப்பதும் இரவில் பூட்டுவதும் அவர்தான். நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மாவு இடித்துக் கொடுப்பேன். சிலர் காசு தருவார்கள், சிலர் நொய்யாகத் தருவார்கள். அந்த நொய்யில் காய்ச்சும் கஞ்சிதான் காலையில் எங்கள் ஐந்து பேருக்கும்.

வியாதி தெரிவதற்கு முன் மூன்று மாதமாக அவர் பானைத் தண்ணீரைத் தனியாளாகக் குடித்துத் தீர்த்தார். இடுப்பில் கைலி நிற்கவில்லை. கொல்லையில் அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு என்று என்னிடம் சொன்னாள். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீரில் சில சொட்டு விட்டு, விளக்கு நெருப்பில் காட்டினார்களாம். நீலம் செங்கல் நிறமாக மாறியதை அவர் ஏதோ வேடிக்கை பார்த்ததுபோலத்தான் வந்து சொன்னார். தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஏழைகளுக்குக் காசு கிடையாது என்றார்கள். டாக்டர் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். பிரெஞ்சில் இருந்தது. என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று அதில் இருப்பதாக அவருக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது.

மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போடுகிற அம்மா புதுச்சேரிக்காரர், கவுன் போட்டிருப்பார். எல்லோரும் அவரை மதாம் என்றே கூப்பிடுவார்கள். சீட்டை நீட்டியதும் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். காலையில் ரொட்டி, வெண்ணெய், இரண்டு முட்டை, சர்க்கரை போடாத பால். மத்தியானம் இறைச்சியும் பச்சைக்காய்களும், சோறு ஒரு கைப்பிடி. இரவுக்கும் ஏறக்குறைய அதேதான்.

"மதாம், இதுல எங்க வீட்டுல இருக்கிறது அந்த ஒரு கைப்பிடிச் சோறு மட்டுந்தாங்க" என்றேன்.

அவர் சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நொய் இருக்கிறது. கேழ்வரகு வாங்க முடியும். முருங்கைக்கீரை கேட்டால் பக்கத்து வீட்டில் ஒடித்துக் கொடுப்பார்கள். ஒரு கோழி இருக்கிறது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடையோடு வருகிறவளிடம் மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும். அவ்வளவுதான். அவர் அதிலிருந்தே ஒரு வழி சொன்னார். கஞ்சியை அடியோடு நிறுத்த வேண்டும். கேழ்வரகு மாவில் கீரையைப் போட்டு அடையாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். கோழி முட்டையிடுகிற நாளில் முட்டை அவருக்கு, இல்லாத நாளில் மீன். வெல்லமும் சர்க்கரையும் வீட்டில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று சொன்னார். "ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள்ள வயித்துல சாப்பாடு இருக்கணும். வியாதியைக்கூடச் சமாளிச்சிடலாம். ஊசியைப் போட்டுக்கிட்டு பட்டினி கிடந்தா சமாளிக்க முடியாது." அப்படிக் கிடந்தால் வேர்க்கும், கை நடுங்கும், உளறுவார், அப்போது உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சர்க்கரையே கூடாது என்றவர் அதே மூச்சில் சர்க்கரை கொடு என்றது எனக்குக் குழப்பமாக இருந்தது. பட்டினி எதற்கு வரப்போகிறது என்று நினைத்து அதை அரைக்காதில் வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து மாதம் நன்றாகவே போனது. விடிந்ததும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், ஊசி போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவார். அடுப்பில் அடை சூடாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கடையைத் திறப்பார். ஒட்டிப்போயிருந்த கன்னம் கொஞ்சம் தேறியது. ஆனால் அந்தச் சாப்பாட்டு நேரம் எனக்குப் பிடிக்காத நேரமாக ஆகிவிட்டது. அவர் தட்டில் கீரை அடையும் முட்டையும், பிள்ளைகள் மூன்று பேர் முன்னாலும் நொய்க் கஞ்சி. பெரியவளுக்கு எட்டு வயது, ஒன்றும் கேட்க மாட்டாள். நடுவில் உள்ளவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கடைக்குட்டி நேரே போய் அவர் மடியில் உட்கார்ந்துகொள்வாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அவள் அழுவது உள்ளே கேட்கும். அவர் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தட்டில் பாதி அடை கிடக்கும்போதே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார், நான் கடைக்குட்டியோடு திரும்பி வருவதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாவு இடித்தால் காய வைக்க வெயில் இல்லை, அதனால் யாரும் மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. படகுகள் கடலுக்குப் போகவில்லை, மீன்காரியும் வரவில்லை. கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. கேழ்வரகு டப்பாவில் அடிமாவு மட்டும் கிடந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் அவர், முதலாளி வீட்டிலிருந்து காலையில் கடைக்கு இடியாப்பமும் கறியும் வருகிறது, தனக்கும் சேர்த்தே அனுப்புகிறார்கள் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போய்விடுகிறேன், எனக்கு வைக்கிறதைப் பிள்ளைகளுக்குக் கொடு என்றார். நான் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. நம்பினேன் என்று சொல்வதைவிட, நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதுதான் சரி. அந்த ஐந்தாறு நாளும் பிள்ளைகள் அடை தின்றார்கள்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, முற்பகலில் வாசலில் கைவண்டி வந்து நின்றது. கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. மழையில் நனைந்தார் என்று நினைத்தேன், ஆனால் அன்று மழை விட்டிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வாய் ஏதோ குழறியது. வந்தவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே நடந்ததைச் சொன்னார். தராசில் நின்றவர் திடீரென்று எடைக்கல்லைக் கீழே போட்டாராம். முதலாளி என்னவென்று கேட்டதற்கு அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாராம். பிறகு தள்ளாடிக்கொண்டே தெருவில் இறங்கி, எதிர்ச்சாரியில் இருந்த சாராயக்கடைப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

அந்தப் படியில் உட்கார்ந்தவனைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. பஸ் பிடித்துக் காரைக்காலுக்கு வந்து குடித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்குள் ஏற முடியாமல் படிகளிலும் சாக்கடை ஓரத்திலும் கிடப்பவர்களைக் கடைத்தெருவில் தினமும் பார்க்கலாம். வேர்வை, தள்ளாட்டம், குழறல், கெட்ட பேச்சு. எல்லாம் அப்படியே இருந்தது.

வண்டிக்காரர்கள் போனதும் நான் முதலில் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். பத்து வருஷம் கூட வாழ்ந்தவள், ஐந்து வேளை தொழுகிற மனுஷன் என்று தெரிந்தவள், முகர்ந்து பார்த்தேன். சாராய வாசம் இல்லை. வெறும் வயிற்று வாசம்தான் இருந்தது. இதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மதாம் சொன்னது நினைவுக்கு வந்தது. வேர்வை, நடுக்கம், உளறல். வீட்டில் ஒரு துளி சர்க்கரை இல்லை, நான்தான் ஒழித்துக்கட்டியிருந்தேன். துப்பட்டிகூட இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடிச் சர்க்கரை கேட்டேன். டப்பாவை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா கொடுப்பே? கொல்லப் போறியா அவரை?"

அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். தம்ளரில் கரைத்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாதி வெளியே வழிந்தது. அவள் என் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், அவள் சொல்வது சரியாகிவிட்டால் என்ன செய்வது என்று. கால்மணி நேரம் இருக்கும். வேர்வை நின்றது. கண் என்மேல் வந்து நின்றது. "கடையிலே யாரு இருக்கா?" என்று கேட்டார்.

நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. சாயங்காலம் கடை ஆள் வந்து, முதலாளி சாவியை வாங்கி வரச் சொன்னதாகச் சொன்னார். இனி வர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். அப்போதுதான் நான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. ஏசியதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. சாராயக்கடைப் படி என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றாராம். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். "குடிகாரன்னு பேர் வாங்கிக் கொடுத்த ஊசி எனக்கு வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாலு நாளில் பழைய தாகம் திரும்பியது. ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தார், எழுந்து நடக்கக் காலில் வலு இல்லை.

நான் மதாமிடம் தனியாகப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அன்றைக்கு ஊசிக்குப் பிறகு என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டார். முதலாளி வீட்டு இடியாப்பம் என்றேன். "நீ பார்த்தியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்கு ஆளை அனுப்பி ஊசி போட ஏற்பாடு செய்வதாகவும், அதற்கு முன் நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்கு இடியாப்பம் வந்ததா என்று கேட்டேன்.

"ஒருநாளும் வரலை. மத்தியானம் நீ கட்டி அனுப்புற சாப்பாடு வர்றவரைக்கும் தண்ணியைக் குடிச்சிட்டு இருந்துடலாம்னு நினைச்சேன். முதல் அஞ்சு நாள் மயக்கமாத்தான் வந்துச்சு, வேற ஒண்ணுமில்லை."

"மதாம் சொன்னதை நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன். புள்ளைங்க மூணும் தட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு எப்படி இறங்கும்? நீதான் ஒண்ணைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போயிடுவே. மத்த ரெண்டு பேரு இங்கேதானே இருப்பாங்க."

அவர் தட்டில் பாதி மீந்ததை எல்லாம் யார் தின்றார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரியவள் அவருக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஊசி மறுபடி தொடங்கி அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு, அன்று நடந்தது ஊசியால் வந்த மயக்கம்தான் என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு காகிதத்தை மதாம் எழுதி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். பின்வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். முதலாளி மனைவி ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடியவர். அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வேர்வை, உளறல் என்று சொன்ன இடத்திலேயே அவர் கை நின்றுவிட்டது.

"எங்க மாமாவும் இதே ஊசி போட்டுக்கிறவங்கதான், அவங்களுக்கும் ஒருநாள் இப்படித்தான் ஆச்சு. கூடத்துல எல்லாரையும் கண்டபடி ஏசினாங்க. பானகம் கொடுத்துப் படுக்க வெச்சோம்." முதலாளியின் தகப்பனாரைத்தான் மாமா என்றார். "அவங்க குடிச்சிருக்காங்கன்னு யாருக்கும் தோணலை."

அவரே காகிதத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். முதலாளி சைகோனில் இருந்தவர், பிரெஞ்சு படிக்கத் தெரியும். காகிதம் மடிகிற சத்தம் கேட்டது. பிறகு, போனது போகட்டும், நான் மன்னித்துவிட்டேன், வரச் சொல்லு என்றார்.

கதவுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னேன். "அவர் மன்னிக்கிற மாதிரி ஒண்ணும் செய்யலைங்க. சாப்பிடாம வேலைக்கு வந்தாரு, அவ்வளவுதாங்க."

சொல்லி முடித்ததும் வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் வந்த காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று, சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவில்லை, ஊசி போட்டுக்கொண்டு அவர் வருகிற நேரத்துக்குக் கடையில் ஒருவேளைச் சாப்பாடு கிடைத்தால் போதும் என்றேன். அதற்கு முதலாளி மனைவிதான், மாமாவுக்குச் சுடுகிற கோதுமை ரொட்டியில் இரண்டைச் சேர்த்துச் சுட்டால் ஆகிவிடும் என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்காகப் பிச்சை கேட்டேன் என்று நினைத்தார். மூன்றாம் நாள் கடைக்குப் போனார். தராசு கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை. அது வேறொருவர் இடுப்புக்குப் போய்விட்டது, பிறகு வரவே இல்லை. ரொட்டி ஒழுங்காக வந்தது, முதலாளியின் தகப்பனார் உயிரோடு இருந்தவரைக்கும். அவர் மௌத்தானதும் அந்த வீட்டில் கோதுமை ரொட்டி சுடுவது நின்றது. இடியாப்பம் வரும், சில நாள் மறந்துபோகும். மறந்துபோன நாளுக்கென்று நான் அவர் சட்டைப்பையில் வறுத்த கடலையும் ஒரு துண்டு வெல்லமும் முடிந்து வைத்தேன். வீட்டில் சாப்பிடும்போது பிள்ளைகளை முதலில் சாப்பிட வைத்து வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவருக்குத் தட்டு வைப்பேன். எதிரில் உட்கார்ந்து கடைசி வாய்வரை பார்ப்பேன். திருடனைக் காவல் காக்கிற மாதிரி பார்க்கிறாய் என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொடி மாறியது. கடைத்தெருவில் சில கடைகள் மூடின, எங்கள் முதலாளி கடை சின்னதாகச் சுருங்கியது. ஒருநாள் எடைக்கல் கால்விரலில் விழுந்தது, சின்னக் காயம்தான், ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு அவரால் நின்று எடை போட முடியவில்லை. வீட்டிலிருந்து எனக்கு மாவு சலித்துக் கொடுத்தார், வாசல் கதவைச் சாத்திக்கொண்டு. வேலை போன பிறகுதான் அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எதன்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்படி மூன்று வருஷம் இருந்தார்.

அவர் மௌத்தான மூன்றாம் நாள், அன்று கைவண்டியில் அவரைக் கொண்டுவந்தவர்களில் ஒருவருடைய மனைவி என்னைப் பார்க்க வந்தாள். நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்த ஒருநாளைத் தவிர ஒரு குறை சொல்ல முடியுமா அவங்களை" என்றாள்.

"அன்னைக்கு அவர் பட்டினி" என்றேன்.

அவள் என் கையைத் தடவிக் கொடுத்தாள். ஆமா ஆமா என்று தலையாட்டினாள், புருஷனைப் பறிகொடுத்தவள் என்ன சொன்னாலும் ஆட்டுகிற மாதிரி.